கடன் வாங்கிய எண்

வட டகோட்டா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், மொன்டானா எல்லையைத் தொட்டுக்கொண்டு மெக்கென்ஸி என்றொரு கவுண்டி இருக்கிறது. அமெரிக்காவில் கவுண்டி என்பது கிட்டத்தட்ட நம் மாவட்டம் போல. நாடு முழுக்க மூவாயிரத்துச் சொச்சம் உண்டு. மெக்கென்ஸியின் பரப்பு 7,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அவ்வளவு நிலத்திலும் வசித்தவர்கள் 5,737 பேர்தான். கோதுமை விளையும், மாடு மேயும், குளிர்காலம் எலும்பை உலுக்கும். இளைஞர்கள் படித்துவிட்டு வெளியூர் போய்விடுவார்கள்.

பிறகு பூமிக்கடியில் இருந்த பாக்கன் பாறையிலிருந்து எண்ணெய் எடுக்கும் வித்தை பிடிபட்டது. பாறையைப் படுக்கைவாட்டில் துளைத்து, நீரையும் மணலையும் பெரும் அழுத்தத்தில் செலுத்தி, விரிசல் வழியாக எண்ணெயைக் கறக்கும் முறை அது. 2012-ல் வட டகோட்டா எண்ணெய் உற்பத்தியில் அலாஸ்காவையே முந்தியது. மெக்கென்ஸியின் மக்கள்தொகை 2010-ல் 6,360, 2020-ல் 14,704. அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த கவுண்டி அதுதான்.

இப்போது ஒரு கேள்வி. 2012-ஆம் ஆண்டில் இந்தக் கவுண்டியின் நடுவாந்தரக் குடும்பம் ஒன்று என்ன சம்பாதித்தது?

கேட்க எளிது. கவுண்டியின் எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்கும் குடும்பத்தைக் கேட்டால் போதும். அந்த நடுக்குடும்பத்தின் வருமானத்துக்குப் பள்ளிக் கணக்கில் இடைநிலை அளவு என்று பெயர். ஆனால் அப்படி வரிசையில் நிறுத்திக் கேட்டவர் யாரும் இல்லை. 2012-ல் மட்டுமல்ல, எந்த ஆண்டிலும் இல்லை. இருந்தும் அமெரிக்க சென்சஸ் அலுவலகம் ஒவ்வோர் ஆண்டும், எல்லாக் கவுண்டிகளுக்கும், டாலர் கணக்கில் ஓர் எண்ணை வெளியிடுகிறது. அந்த எண் பிறக்கும் கதை எனக்குப் புள்ளியியலின் மிக விநோதமான கதைகளில் ஒன்றாகப் படுகிறது.

சராசரியை விட்டு இடைநிலையைப் பிடித்துக்கொள்வது ஏன் என்பதை மெக்கென்ஸியைப் போல் தெளிவாகக் காட்டும் ஊர் குறைவு. வட டகோட்டாவில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும் அடியில் உள்ள கனிம உரிமை வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். வேலிக்கு இந்தப் பக்கம் இருப்பவரின் தாத்தா கனிம உரிமையை விற்காமல் வைத்திருந்தால், எண்ணெய்க் கம்பெனியின் உரிமத்தொகைக் காசோலை மாதாமாதம் தபாலில் வரும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு லாரிகள் கிளப்பும் புழுதிதான் வரும். இப்படிச் சில குடும்பங்கள் கோடியில் புரள ஆரம்பித்தால் கவுண்டியின் சராசரி வருமானம் தாவிக் குதிக்கும். இடைநிலை அசையாது. வரிசையின் கடைசியில் நிற்பவர் இரண்டு லட்சம் டாலர் வாங்கினாலும் இருபது லட்சம் வாங்கினாலும் நடுவில் நிற்பவர் அதே ஆள்தானே.

சரி, யாரைக் கேட்பது? கணக்கெடுப்பில் வருமானத்தைப் பற்றி முதன்முதலாகக் கேட்டது 1940-ல். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. என் சம்பளம் அரசாங்கத்துக்கு எதற்கு என்று கொதித்தவர்கள் ஏராளம். வீட்டு வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால், தனிப் படிவத்தில் எழுதி உறையிலிட்டு அனுப்பலாம் என்று சமாதானம் செய்தார்கள். அப்போதும் கேட்டது சம்பளம், கூலி இரண்டை மட்டும்தான். மற்ற வழிகளில் 50 டாலருக்கு மேல் வந்ததா என்பதற்கு ஆம், இல்லை என்ற பதில் போதும். சொந்த நிலத்தில் உழுபவருக்கு ஏது சம்பளம்? ஆகவே உழவர்கள் நிறைந்த ஒரு கவுண்டிக்கு 1940-ன் வருமான எண் பாதி ஊமை. எல்லா வழி வருமானத்தையும் கேட்கும் பழக்கம் 1950-லிருந்து வந்தது.

அதன்பின் 2000 வரை ஏற்பாடு எளிமையாக இருந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லோரையும் எண்ணும்போது, ஒரு பகுதியினருக்கு மட்டும் நீண்ட படிவம் கொடுப்பார்கள். 2000-ல் நாடு முழுக்கச் சராசரியாக ஆறில் ஒரு வீட்டுக்கு அது போனது. சின்ன ஊர்களில் இரண்டில் ஒரு வீட்டுக்குக்கூடப் போனது. அதனால் கிராமப்புறக் கவுண்டியின் எண் ஓரளவு கெட்டியாகவே இருந்தது. மெக்கென்ஸியின் குடும்ப இடைநிலை வருமானம் 1999-க்கு 30,000 டாலருக்குச் சற்றுக் கீழே என்று வந்தது. நாட்டின் எண் 41,994. கெட்டிதான், ஆனால் அடுத்த எண்ணுக்குப் பத்து வருஷம் காத்திருக்க வேண்டும். மெக்கென்ஸிக்கு நடந்தது போன்ற தலைகீழ் மாற்றம் இரண்டு கணக்கெடுப்புக்கு இடையில் தொடங்கி முடிந்தே போகலாம்.

எனவே நீண்ட படிவத்தைக் கைவிட்டு, 2005-லிருந்து ஆண்டு முழுக்க மாதாமாதம் மாதிரி எடுக்கும் அமெரிக்கச் சமூக ஆய்வை முழு அளவில் தொடங்கினார்கள். இன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 35 லட்சம் முகவரிகளுக்கு அதன் படிவம் போகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். நாட்டு அளவில் அது நாற்பது வீட்டுக்கு ஒரு வீடு.

அந்த 'நாற்பதில் ஒன்று' ஒரு சிறிய கவுண்டியை என்ன பாடுபடுத்துகிறது என்று கையால் கணக்குப் போட்டே பார்க்கலாம். 2,400 குடும்பங்கள் உள்ள ஒரு கற்பனைக் கவுண்டியை எடுத்துக்கொள்வோம் (2010-ன் மெக்கென்ஸி ஏறக்குறைய இந்த அளவுதான்). ஓர் ஆண்டில் 60 குடும்பங்கள் பதில் அனுப்பியிருக்கின்றன. அவற்றை 5,000 டாலர் கட்டங்களில் அடுக்குகிறோம். 50,000-க்குக் கீழே 26 குடும்பங்கள். 50,000-லிருந்து 55,000-க்குள் 10 குடும்பங்கள். மிச்சம் 24 அதற்கு மேலே. நமக்கு வேண்டியது முப்பதாவது குடும்பம். அது இந்தப் பத்தில் நான்காவது. கட்டத்துக்குள் குடும்பங்கள் சீராகப் பரவியிருப்பதாக வைத்துக்கொண்டால், கட்டத்தின் நீளத்தில் பத்தில் நான்கு பங்கு நடக்க வேண்டும். 50,000-உடன் 2,000 சேர்த்தால் 52,000. கவுண்டியின் இடைநிலை வருமானம் 52,000 டாலர் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகலாம்.

போக முடியாது. அதே கவுண்டியில், அதே ஆண்டில், வேறு 60 குடும்பங்களுக்குப் படிவம் போயிருந்தால்? உண்மையான நடுப்புள்ளிக்குக் கீழே 30 பேர், மேலே 30 பேர் என்று கச்சிதமாக வருவது அபூர்வம். ஒரு நாணயத்தை 60 முறை சுண்டினால் 26 முதல் 34 வரை தலை விழுவது சர்வ சாதாரணம். இங்கேயும் அப்படியே. அதாவது நாம் நடு என்று நினைத்துத் தொட்டது உண்மை வரிசையில் நூற்றுக்கு 43-ஆவது இடமாகவோ 57-ஆவது இடமாகவோ இருக்கலாம். அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே வருமானம் பத்தாயிரம் டாலருக்கு மேல் வேறுபடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆகவே நம்முடைய 52,000-க்குத் திட்டப் பிழை, அதாவது மாதிரிக்கு மாதிரி எண் வழக்கமாக ஆடும் அளவு, 6,000 டாலர் என்று வைப்போம். சென்சஸ் அலுவலகம் வழக்கமாகத் தரும் 90 சதவீதப் பிழை வரம்பாக மாற்ற அதை 1.645-ஆல் பெருக்க வேண்டும். கூட்டல் கழித்தல் 9,900 வருகிறது. 42,000-ஆகவும் இருக்கலாம், 62,000-ஆகவும் இருக்கலாம் என்று சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு ஒரு கவுண்டி நிர்வாகம் என்ன செய்யும்?

இதனால்தான் 65,000 பேருக்குக் குறைவான கவுண்டிகளுக்கு வழக்கமான ஓராண்டு அட்டவணைகளை அந்த ஆய்விலிருந்து வெளியிடுவதில்லை. கவுண்டிகளில் நாலில் மூன்று பங்கு இப்படி அடிபட்டுப் போகின்றன. அவற்றுக்கு ஐந்து ஆண்டு மாதிரிகளை ஒன்றாகக் கொட்டி ஒரே எண்ணாக்கித் தருகிறார்கள். 2005 முதல் 2009 வரையிலான முதல் ஐந்தாண்டு எண்கள் 2010 டிசம்பரில் வந்தன.

ஐந்தாண்டு எண்ணுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. 2008–2012 என்று போட்டிருக்கும் எண்ணில், எண்ணெய் ஆட்டம் சூடுபிடிக்காத காலத்து மெக்கென்ஸி விவசாயியும் உச்சத்தில் வந்திறங்கிய டெக்சாஸ் துளைப்பணியாளரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். எல்லாருடைய வருமானத்தையும் விலைவாசிக்கு ஏற்ப 2012-ன் டாலருக்கு மாற்றியிருப்பார்கள். டாலர் 2012-ஐச் சேர்ந்தது. வாழ்க்கையோ சராசரியில் 2010-ஐச் சேர்ந்தது. அடுத்த ஆண்டு வரும் 2009–2013 எண்ணில் ஐந்தில் நான்கு பங்கு பழைய பதில்களே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து 'இந்த ஆண்டு வருமானம் கூடியது' என்று எழுதுவது தவறு. உண்மையில் ஒப்பிடப்படுவது 2008-ன் பதில்களும் 2013-ன் பதில்களும்தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறாத ஐந்தாண்டுகளை மட்டும் ஒப்பிடுங்கள் என்று சென்சஸ் அலுவலகம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. செய்தி எழுதுபவர்கள் கேட்டபாடில்லை.

யார் குடும்பம் என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. எண்ணெய் உச்சத்தில் மெக்கென்ஸியில் வீடு கிடைக்காமல் தொழிலாளர்கள் கம்பெனிகள் கட்டிய கொட்டகை முகாம்களில் தங்கினார்கள். நிறையப் பேர் வீட்டுவண்டிகளில் குடியிருந்தார்கள். பொதுச் சாப்பாட்டுக் கூடமும் வரிசை அறைகளுமாக இருக்கும் முகாம், கணக்கெடுப்பு விதிப்படி கூட்டுத் தங்குமிடம். அங்கே இருப்பவர் எந்தக் குடும்பத்திலும் சேரமாட்டார். வண்டியை நிறுத்தி அதிலேயே குடியிருப்பவரோ, ஒற்றை ஆள் என்றாலும் ஒரு குடும்பம். இரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால் அங்கேதான் அவர் கணக்கு. ஒரே கிணற்றில் ஒரே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இரண்டு பேரில் ஒருவர் கவுண்டியின் இடைநிலையை மேலே தள்ளுகிறார். இன்னொருவர் அந்த வரிசையிலேயே இல்லை.

படிவத்துக்குள் போனால் இன்னும் சுவாரசியம். கடந்த 12 மாதங்களில் வந்த வருமானத்தை எட்டு வகையாகக் கேட்கிறார்கள்: சம்பளம், சொந்தத் தொழில், வட்டி, ஓய்வூதியம் என்று போகும். எண்ணெய் உரிமத்தொகை வட்டி, வாடகையோடு ஒரே வரியில் அடங்கும். விவசாய வருமானம் என்றால் செலவு போக மிச்சம். வறட்சி ஆண்டில் அது பூஜ்யத்துக்குக் கீழே போகும். மாடு வளர்ப்பவர் கன்றுகளை வருஷத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் விற்பார். அவரிடம் மார்ச்சில் படிவம் நீட்டினால் ஒரு பதில் வரும். போன ஆண்டின் விற்பனையும் இந்த ஆண்டின் விற்பனையும் அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் விழும்படி நீட்டினால் வேறு பதில் வரும். நிலத்தை விற்ற லாபத்தை வருமானமாகச் சேர்ப்பதில்லை. அரசின் உணவு உதவியையும் சேர்ப்பதில்லை. இவை குற்றம் இல்லை. எங்கேயாவது கோடு போட்டுத்தானே ஆக வேண்டும்.

சரி, இவ்வளவு மங்கலான மாதிரியிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் கவுண்டி வாரியாக எண் எப்படி வருகிறது? இதற்கு விடை வருமானத்தோடு சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்து வந்தது.

1956-ல் சார்ல்ஸ் ஸ்டைன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் சக அறிஞர்களைத் திடுக்கிட வைக்கும் ஒன்றை நிரூபித்தார். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அளவுகளை ஒரே நேரத்தில் மதிப்பிட வேண்டியிருந்தால், ஒவ்வொன்றுக்கும் அதன் சொந்த மாதிரிச் சராசரியைத் தருவது சிறந்த வழி இல்லை. எல்லாவற்றையும் ஒரு பொது மையத்தை நோக்கிக் கொஞ்சம் இழுத்துவிட்டால் மொத்தப் பிழை சராசரியில் எப்போதும் குறையும். அந்த அளவுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருந்தாலும் குறையும்! 1961-ல் வில்லார்ட் ஜேம்ஸும் ஸ்டைனும் அதற்கு ஒரு வாய்ப்பாட்டையே தந்தார்கள்.

இதைப் பொதுவாசகர்களுக்குப் புரிய வைத்தவர்கள் பிராட்லி எஃப்ரானும் கார்ல் மோரிஸும். 1977-ல் அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் பேஸ்பால். 1970 பருவத்தில் 18 ஆட்டக்காரர்கள் முதல் 45 வாய்ப்புகளில் எத்தனை முறை அடித்தார்கள் என்பதை வைத்துக்கொண்டு, மிச்சப் பருவத்தில் அவர்களின் விகிதம் என்னவாக இருக்கும் என்று கணித்தார்கள். அவரவர் விகிதத்தை அப்படியே நம்பினால் வந்த மொத்தப் பிழை 0.077. எல்லாரையும் நடுவை நோக்கி இழுத்தபோது 0.022. மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. பதினெட்டில் பதினாறு பேருக்கு இழுத்த எண்ணே உண்மைக்கு அருகில் இருந்தது.

இழுத்ததில் ஏறக்குறைய லாபமே காணாதவர்களில் ஒருவர் ராபர்ட்டோ கிளமென்டே. பேஸ்பாலின் மகத்தான ஆட்டக்காரர்களில் ஒருவர். 45-ல் 18 அடித்திருந்தார், அதாவது 0.400. வாய்ப்பாடு அவரை 0.294 வரை கீழே இழுத்தது. மிச்சப் பருவத்தில் அவர் அடித்தது 0.346. கூட்டத்துக்கு நல்லது செய்யும் சூத்திரம், உண்மையிலேயே அசாதாரணமான ஒருவரைச் சாதாரணமாக்கப் பார்த்தது. கிளமென்டேயை நினைவில் வையுங்கள். மெக்கென்ஸியில் அவர் தேவைப்படுவார்.

இந்த வித்தை அரசாங்க அலுவலகத்துக்குள் நுழைந்தது பணப் பங்கீட்டால். 1972-ல் மத்திய அரசு வரி வருவாயில் ஒரு பகுதியை உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கச் சட்டம் போட்டது. பங்கு பிரிக்கும் கணக்கில் ஊரின் தனிநபர் வருமானமும் ஒரு காரணி. 1970 கணக்கெடுப்பில் வருமானத்தை ஐந்தில் ஒரு வீட்டில்தான் கேட்டிருந்தார்கள். 200 பேர் உள்ள ஊரில் அது ஒரு டஜன் குடும்பங்கள். பன்னிரண்டு பேர் சொன்னதை வைத்து ஊருக்குப் பணம் பிரிப்பதா? மிகச் சிறிய ஊர்களுக்கு முதலில் அவற்றின் கவுண்டிச் சராசரியையே தூக்கிக் கொடுத்தார்கள். பணக்காரக் கவுண்டியில் இருக்கும் ஏழை ஊர் அதில் மாட்டிக்கொண்டது.

ராபர்ட் ஃபேயும் ரோஜர் ஹெரியட்டும் 1979-ல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நடுவழி கண்டது. 1,000 பேருக்கும் குறைவான ஊர்களுக்கு, ஊரின் சொந்த மாதிரி ஒரு பக்கம். கவுண்டியின் வருமானம், வரிக் கணக்கு, வீட்டு மதிப்பு போன்றவற்றிலிருந்து கணிக்கும் எண் இன்னொரு பக்கம். எது எவ்வளவு நம்பகமானதோ அந்த அளவுக்கு எடை போட்டு இரண்டையும் கலந்தார்கள். மாதிரி பெரிதாக இருந்தால் ஊரின் குரல் ஓங்கும். சிறிதாக இருந்தால் கணிப்பு ஓங்கும். அதில் ஒரு நியாய உணர்வும் இருந்தது. கலப்பு எண், மாதிரி எண்ணிலிருந்து ஒரு திட்டப் பிழைக்கு மேல் விலகக்கூடாது என்று கடிவாளம் போட்டார்கள். கிளமென்டேக்களுக்கான பாதுகாப்பு அது. இந்தக் கடிவாளத்தை நான் கட்டுரையின் மிக அழகான வரியாக நினைக்கிறேன்.

பக்கத்து ஊர்களிடமிருந்து தகவல் பெற்று நம் ஊரின் எண்ணை வலுப்படுத்துவதைப் புள்ளியியலாளர்கள் 'வலிமையைக் கடன் வாங்குவது' என்பார்கள். இன்று இது சிறுபகுதி மதிப்பீடு என்று தனிக் கிளையாகவே வளர்ந்துவிட்டது. அந்தத் துறையின் பாடநூலாக உலகம் முழுக்கப் புரட்டப்படும் நூலை எழுதிய ஜே.என்.கே. ராவ் இந்தியாவில் பிறந்து கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்.

நம் கற்பனைக் கவுண்டிக்குத் திரும்புவோம். அறுபது குடும்பங்கள் சொன்ன எண் 52,000, திட்டப் பிழை 6,000. வரிக் கணக்கையும் பழைய கணக்கெடுப்பையும் வைத்து நாட்டின் மற்றக் கவுண்டிகள் காட்டும் போக்கிலிருந்து கணித்தால் 46,000 வருகிறது. அதன் திட்டப் பிழை 3,000 என்று கொள்வோம். கணிப்பின் பிழை பாதி. எடை பிழையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால் அதற்கு நான்கு மடங்கு எடை. 46,000-ஐ நான்கு முறையும் 52,000-ஐ ஒரு முறையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 47,200. திட்டப் பிழை சுமார் 2,700-ஆக இறங்குகிறது. இரண்டு மூலங்களில் சிறந்ததைவிடவும் குறைவு. பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 9,900-லிருந்து 4,400-க்கு வந்துவிட்டது. அந்தக் கவுண்டியில் கூடுதலாக ஒரு வீட்டின் கதவைக்கூடத் தட்டவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் ஜார்ஜியாவிலும் ஒரேகானிலும் இருப்பவர்களின் வரிப் படிவங்கள் இந்த ஊரின் எண்ணைத் துலக்கியிருக்கின்றன.

இன்றைய கவுண்டி எண்கள் இப்படித்தான் உருவாகின்றன. 1994-ன் கல்விச் சட்டம் ஏழைக் குழந்தைகளுக்கான பள்ளி நிதியைப் புதிய எண்களை வைத்துப் பிரிக்கச் சொன்னது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் எண் போதாது என்றானது. சென்சஸ் அலுவலகத்தின் சிறுபகுதி வருமான, வறுமை மதிப்பீட்டுத் திட்டம் 1993-ஆம் ஆண்டுக்கான எண்களோடு தொடங்கியது. ஆரம்பத்தில் அது சாய்ந்துகொண்ட தேசிய மாதிரி ஆய்வில் பாதிக்கும் மேற்பட்ட கவுண்டிகளில் ஒரு வீடுகூட இல்லை. 2005-க்கான எண்களிலிருந்து சமூக ஆய்வின் மாதிரிக்கு மாறினார்கள். அத்துடன் பெயர் நீக்கிய வரித் தாக்கல் விவரங்கள், மொத்த வருமானத்தில் அரசு உதவித்தொகையின் பங்கு, பழைய கணக்கெடுப்பின் இடைநிலை ஆகியவற்றைக் கணிப்பில் சேர்க்கிறார்கள். கணக்கு மடக்கையில் நடக்கிறது. 5,000 டாலர் வித்தியாசம் ஏழைக் கவுண்டிக்கும் பணக்காரக் கவுண்டிக்கும் ஒன்றல்ல, விகிதம்தான் முக்கியம் என்பதால்.

மெக்கென்ஸிக்கு வருவோம். கவுண்டிகளில் அது ஒரு கிளமென்டே. மூவாயிரம் கவுண்டிகளின் பொதுப் போக்கு அதற்குப் பொருந்தும் என்று எதை வைத்து நம்புவது? கணிப்பு குருடு இல்லை. வருமானம் எகிறினால் வரித் தாக்கலில் அது தெரியும். ஆனால் வரித் தாக்கலுக்கும் ஒரு முகவரி உண்டு. மனைவி மக்களை மினசோட்டாவில் விட்டுவிட்டு வந்து வண்டியில் குடியிருக்கும் தொழிலாளி, வரியை மினசோட்டா முகவரியிலிருந்தே தாக்கல் செய்யலாம். ஆய்வின் கண்ணில் அவர் மெக்கென்ஸிக்காரர், வரி அலுவலகத்தின் கண்ணில் மினசோட்டாக்காரர். ஊரை விட்டுப் போய்விட்ட பழைய விவசாயியின் வாரிசுகள் அரிசோனாவில் உட்கார்ந்து மெக்கென்ஸியின் உரிமத்தொகையை வாங்குவார்கள். சாதாரணக் கவுண்டியில் இந்தக் கசிவுகள் ஆண்டுக்காண்டு ஒரே மாதிரி இருப்பதால் சூத்திரம் அவற்றைப் பழகிக்கொள்கிறது. திடீரென வீங்கிய கவுண்டியில் பழகுவதற்கு அவகாசம் இல்லை. மக்கள்தொகை பெருகினால் மாதிரியும் பெருகி ஊரின் சொந்தக் குரலுக்கு எடை கூடும் என்பது ஓர் ஆறுதல்.

காலவரிசையாகப் பார்க்கும்போது பணத்தின் மதிப்பையும் சரிக்கட்ட வேண்டும். 1999-லிருந்து 2010-க்குள் அமெரிக்க விலைவாசி சுமார் 31 சதவீதம் ஏறியது. நாட்டின் 41,994 டாலர் 2010-ன் விலையில் 55,000-க்குச் சமம். 2006–2010-க்கான நாட்டின் இடைநிலை 51,914. அமெரிக்க நடுக்குடும்பம் அந்தப் பத்தாண்டில் கீழே இறங்கியிருக்கிறது. மெக்கென்ஸியின் 30,000-க்குச் சற்றுக் கீழான எண் 38,000, 39,000 வாக்கில் வரும். ஆனால் 2006–2010-ல் அங்கே வந்தது 48,000-ஐச் சுற்றி. எண்ணெய் முழு வேகம் பிடிக்கும் முன்பே அந்த ஏற்றம்.

இங்கே ஒரு வேடிக்கை. விலைவாசியைச் சரிக்கட்டப் பயன்படும் நுகர்வோர் விலைக் குறியீடு நகர்ப்புற மக்களின் செலவை வைத்துக் கட்டப்பட்டது. பெருநகர்ப் பகுதிகளுக்கு வெளியே கிராமத்தில் வசிப்பவர்களும் பண்ணைக் குடும்பங்களும் அதில் சேர்த்தியில்லை. கிராமப்புறக் கவுண்டியின் வருமானத்தை, கிராமத்தவரை விலக்கிய அளவுகோலால் அளக்கிறோம். பக்கத்து வில்லியம்ஸ் கவுண்டியின் வில்லிஸ்டனில் 2014-ல் சிறு குடியிருப்பின் வாடகை நியூயார்க், சான்பிரான்சிஸ்கோவைத் தாண்டிவிட்டது என்று அப்போது செய்திகள் வந்தன. எண்ணெயோடு சம்பந்தமில்லாத ஓய்வூதியக்காரருக்கு அந்த வாடகை என்ன செய்தது என்பதைத் தேசியக் குறியீடு அறியாது. 2014-ன் இறுதியில் எண்ணெய் விலை சரிந்து, 2016 தொடக்கத்தில் பீப்பாய் 30 டாலருக்கும் கீழே போனபோது வாடகையும் விழுந்தது. அதையும் அது அறியாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, 2000-ன் மெக்கென்ஸியும் 2020-ன் மெக்கென்ஸியும் ஒரே மக்கள் இல்லை. 2020-ல் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 2010-ல் அங்கே இருந்திருக்க முடியாது. 6,360 பேர் ஊரில் அதற்கு இடமில்லை. இடைநிலை வருமானம் ஏறியது என்றால் பழைய குடும்பங்கள் செழித்தன என்று பொருள் கொள்ளலாகாது. நல்ல சம்பளக்காரர்கள் வந்து வரிசையில் நின்றதால், நடுப்புள்ளி அவர்கள் பக்கம் நகர்ந்திருக்கலாம். ஒரு பழைய குடும்பத்தின் வருமானம்கூடக் கூடாமலேயே கவுண்டியின் இடைநிலை ஏற முடியும். இதைப் பிரித்துச் சொல்ல ஒரே குடும்பத்தைப் பல ஆண்டு தொடரும் ஆய்வு வேண்டும். கவுண்டி எண் அந்த வேலைக்குப் பிறந்ததில்லை.

இத்தனை ஓட்டைகளைச் சொன்ன பிறகும் அந்த எண்ணை நான் மதிக்கிறேன். தன் பிழை எவ்வளவு என்று தானே பக்கத்தில் எழுதிவைக்கும் அரசாங்க எண் அது. அந்தப் பண்பு எளிதில் காணக்கிடைக்காதது. மெக்கென்ஸி 1999-ல் நாட்டின் நடுக்குடும்பத்தைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தது, பத்தாண்டில் அந்த இடைவெளி பெருமளவு மூடியது என்ற பெரிய உண்மையை எந்தப் பிழை வரம்பும் விழுங்கிவிடாது. விழுங்கப்படுவது ஆண்டுக்காண்டு வரும் சின்ன ஏற்ற இறக்கம்.

ஏதாவது ஒரு கவுண்டிக்கு இந்த எண்களைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிறுபகுதித் திட்டத்தின் புதிய எண்கள் வழக்கமாக ஒவ்வொரு டிசம்பரிலும் முந்தைய ஆண்டுக்காக வெளியாகின்றன. 90 சதவீத எல்லைகளும் அதே அட்டவணையில் இருக்கும். ஓர் ஆண்டில் 47,200, அடுத்த ஆண்டில் 49,500, இரண்டுக்கும் பிழை வரம்பு 4,400 என்றால், இரண்டு வரம்புகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். தோராயமாக 6,200 வரும். வித்தியாசம் 2,300 மட்டுமே. அந்தக் கவுண்டியில் வருமானம் கூடியது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இல்லை.